கார்னிவல் ஆப் சோல்ஸ்

கார்னிவல் ஆப் சோல்ஸ் (பொருள்: ஆன்மாக்களின் களியாட்டம்) என்பது 1962 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் திகில் திரைப்படம் ஆகும். ஹெர்க் ஹார்வி இதனைத் தயாரித்து இயக்கினார். ஜான் கிளிபர்ட் திரைக்கதை எழுதினார். கேண்டஸ் ஹில்லிகாஸ் முதன்மைக் கதைமாந்தரான மேரி ஹென்றியாக நடித்துள்ளார். ஏறத்தாழ 30,000 டாலர் செலவில், மூன்று வாரங்களில், ஆலிவுட்டுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு சிறு குழுவினரால் இப்படம் எடுக்கப்பட்டது. வெளிவந்த காலத்தில் கவனிக்கப்படாமல் மறைந்த இப்படம், பின்னாளில் தொலைக்காட்சியின் பின்னிரவு ஒளிபரப்புகள் வழியாகத் தனக்கென ஒரு பார்வையாளர் கூட்டத்தைத் தேடிக்கொண்டது. கனவின் தன்மையைத் திரையில் கொண்டுவந்த குறைந்த செலவுப் படங்களுள் குறிப்பிடத்தக்க ஒன்றாக இன்று இது கருதப்படுகிறது. ஹார்வி இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படமும் இதுவே.

இரத்தம், கோரக் காட்சிகள், அலறவைக்கும் திடீர்த் திருப்பங்கள் ஆகியவற்றை எதிர்பார்த்துப் பார்ப்போருக்கு இப்படம் ஏமாற்றம் அளிக்கக்கூடும். இதில் அச்சம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பட்டப்பகலில், மக்கள் நிறைந்த கடைத்தெருவில், ஒரு பெண் பேசுவது எவருக்கும் கேட்காமல் போகிறது. படத்தின் மிகவும் அச்சமூட்டும் காட்சி இதுதான்.

கதைச் சுருக்கம்

(இப்பகுதி படத்தின் முடிவையும் வெளிப்படுத்துகிறது.)

கான்சஸ் மாநிலத்தில் இரு கார்கள் விளையாட்டாகப் பந்தயம் ஓடுகின்றன. ஒன்றில் இளைஞர்கள், மற்றொன்றில் மூன்று இளம்பெண்கள். குறுகலான மரப்பாலம் ஒன்றில் பெண்களின் கார் தடுப்பை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுகிறது. கலங்கிய ஆற்றில் நெடுநேரம் தேடியும் கார் கிடைக்கவில்லை. சில மணி நேரத்திற்குப் பின், உடலெல்லாம் சேறு படிந்தவளாக மேரி ஹென்றி மட்டும் மணல் திட்டில் ஏறி நடந்து வருகிறாள். எப்படித் தப்பினாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

மேரி ஆர்கன் வாசிக்கும் இசைக்கலைஞர். யூட்டா மாநிலத்தில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை ஏற்று அவள் ஊரை விட்டுப் புறப்படுகிறாள். தேவாலயம் அவளுக்கு ஒரு பணியிடம் மட்டுமே. பக்தி அவளை அங்கு அழைத்துச் செல்லவில்லை. இரவில் தனியாகக் காரோட்டிச் செல்லும்போது, சன்னல் கண்ணாடியில் தன் முகம் தெரிய வேண்டிய இடத்தில் வெளிறிய முகமுடைய ஓர் ஆணைக் காண்கிறாள். அதே பயணத்தில், தொலைவில் பாழடைந்து நிற்கும் பெரிய கேளிக்கை மாளிகை ஒன்று அவள் கண்ணில் படுகிறது. அந்த இடம் அவளை ஏனோ ஈர்க்கிறது.

புதிய ஊரில் ஒரு விடுதி வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறாள். எதிர் அறையில் குடியிருக்கும் ஜான் லிண்டன் என்பவன் அவளை விடாமல் நெருங்க முயல்கிறான். வெளிறிய மனிதன் அவள் இருக்கும் இடங்களிலெல்லாம் தோன்றுகிறான். வேறு எவர் கண்ணுக்கும் அவன் தெரிவதில்லை. ஒரு நாள் துணிக்கடையில் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வரும் மேரியைக் கடைக்காரர்கள் எவரும் காணவில்லை. அவள் குரல் அவர்களுக்குக் கேட்கவும் இல்லை. தெருவின் ஓசைகளும் அவளுக்குக் கேட்காமல் போகின்றன. பூங்கா ஒன்றில் மரத்தைத் தொட்டு நிற்கையில் பறவை ஒலியுடன் உலகம் அவளுக்கு மீண்டும் திரும்புகிறது. அங்கு சந்திக்கும் மருத்துவர் சாமுவேல்ஸ், தாம் மனநல மருத்துவர் அல்லர் என்று கூறியபடியே, இவை யாவும் மனத்தின் கற்பனை என விளக்க முற்படுகிறார்.

தேவாலயத்தில் தனியே பயிற்சி செய்யும்போது மேரியின் விரல்கள் அவள் விருப்பத்தை மீறிப் புனித இசையிலிருந்து விலகி விநோதமான இசைக்குள் நழுவுகின்றன. அதே வேளையில், கேளிக்கை மாளிகையில் இறந்தவர்கள் நீரிலிருந்து எழுந்து நடனமாடுவதை அவள் மனக்கண்ணில் காண்கிறாள். இசையைக் கேட்டு அதிர்ந்த போதகர் அவளை உடனே வேலையிலிருந்து நீக்குகிறார். லிண்டனும் அவள் நடத்தையைக் கண்டு மிரண்டு விலகுகிறான். ஊரை விட்டு ஓட முயன்றும் இயலாமல், இறுதியில் அவள் அந்த மாளிகைக்கே செல்கிறாள். அங்கு ஆடிக்கொண்டிருக்கும் பிணங்களுள் ஒன்று தானே என்பதைக் காண்கிறாள். மணலில் அவளைத் துரத்தி வந்து அவர்கள் சூழ்ந்துகொள்கின்றனர்.

மறுநாள் காவலர், மருத்துவர், போதகர் ஆகியோர் வந்து பார்க்கையில் மணலில் அவளுடைய காலடித் தடங்கள் மட்டும் ஓரிடம் வரை வந்து முடிந்திருக்கின்றன. கான்சசில் ஆற்றிலிருந்து கார் வெளியே இழுக்கப்படுகிறது. அதன் முன் இருக்கையில், மற்ற இரு பெண்களுடன் மேரியின் உடலும் இருக்கிறது.

உருவான விதம்

ஹெர்க் ஹார்வி (1924–1996) கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இயங்கிய சென்ட்ரான் என்னும் நிறுவனத்தில் பணியாற்றியவர். பள்ளிகளுக்கான பாடப் படங்கள், தொழிற்சாலைப் பாதுகாப்புப் படங்கள், நிறுவனங்களுக்கான விளக்கப் படங்கள் போன்றவற்றை அந்நிறுவனம் தயாரித்து வந்தது. ஹார்வி இத்தகைய குறும்படங்களை நூற்றுக்கணக்கில் இயக்கியுள்ளார். கதை எழுதிய கிளிபர்டும், ஒளிப்பதிவு செய்த மாரிஸ் பிராதரும் அவருடைய சக ஊழியர்களே.

கலிபோர்னியாவிலிருந்து காரில் ஊர் திரும்பும் வழியில், யூட்டாவின் பெரிய உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்டேர் மாளிகையை ஹார்வி கண்டார். அதைக் கண்ட கணத்தில்தான் படத்திற்கான எண்ணம் பிறந்தது. ஊர் திரும்பியதும் கிளிபர்டிடம் கதை எழுதக் கேட்டுக்கொண்டார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: அந்த மாளிகையின் நடனக்கூடத்தில் இறந்தவர்கள் ஆட வேண்டும். எஞ்சியவை அனைத்தும் கிளிபர்டின் விருப்பத்திற்கு விடப்பட்டன. முடிவு முதலில் தோன்றி, அதை நோக்கி ஒரு கதை பின்னப்பட்டது என்பதைப் படம் பார்க்கும்போதும் உணரலாம். மேரி எங்கு சென்றாலும், கதை அவளை அந்தக் கட்டிடத்தின் பக்கமே தள்ளுகிறது.

லாரன்ஸ் நகரின் வணிகர்களிடம் ஆளுக்குச் சிறு தொகையாக முதலீடு கேட்டு, 17,000 டாலர் ரொக்கம் திரட்டப்பட்டது. எஞ்சிய செலவு, படம் வருவாய் ஈட்டிய பின் தருவதாகக் கடன் வைக்கப்பட்டது. ஹார்வி தம் வேலையிலிருந்து மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு, 1961 இல் லாரன்ஸ் பகுதியிலும் சால்ட் லேக் சிட்டியிலும் படப்பிடிப்பை நடத்தி முடித்தார். நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பர்க்கிடம் நடிப்புப் பயின்ற கேண்டஸ் ஹில்லிகாஸ் தவிர, பெரும்பாலோர் உள்ளூர் மேடை நடிகர்களும் அறிமுகமானவர்களுமே. வெளிறிய முகமுடைய மனிதனாக ஹார்வியே நடித்தார். அவருக்குப் படத்தில் ஒரு சொல்கூட வசனம் இல்லை.

படத்திற்கென அரங்கம் எதுவும் அமைக்கப்படவில்லை. விபத்துக் காட்சி, லாரன்சுக்கு அருகிலுள்ள லெகாம்ப்டன் என்னும் சிற்றூரின் பாலத்தில் எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் மேரி ஆர்கன் வாசிக்கும் தொழிற்சாலை, உண்மையிலேயே லாரன்சில் ஆர்கன்கள் செய்து வந்த ராய்ட்டர் நிறுவனத்தின் பட்டறையாகும். அக்காலத்துப் படங்களில் கார் ஓட்டும் காட்சிகளுக்கு, நின்ற காருக்குப் பின்னால் திரை கட்டி அதில் ஓடும் சாலையைக் காட்டுவது வழக்கம். அதற்குச் செலவாகும். ஹார்வி, பாடப் படங்களுக்குப் பயன்படுத்திப் பழகிய, கையில் தூக்கிச் செல்லத்தக்க ஆரிப்ளெக்ஸ் கேமராவை ஓடும் காருக்குள்ளேயே கொண்டு சென்றார். இதனால் மேரியின் பயணக் காட்சிகளில் சாலையும் இருளும் மெய்யானவை. அந்த மெய்யான இருளில் பொய்யான முகம் ஒன்று தோன்றும்போது அதிர்ச்சி கூடுகிறது.

சால்டேர்

படத்தில் இம்மாளிகைக்குரிய இடம் ஒரு கதைமாந்தருக்கு உரியதற்குக் குறைந்ததன்று. ஆதலால் அதன் வரலாற்றை அறிதல் பயனுடையது. மார்மன் திருச்சபையும் இரயில் பாதை நிறுவனமும் சேர்ந்து 1893 இல் இதனைக் கட்டின. ரிச்சர்ட் கிளெட்டிங் என்னும் கட்டிடக் கலைஞர் வடிவமைத்தார். ஏரி நீருக்குள் நடப்பட்ட இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மரத்தூண்கள் மீது, கீழைநாட்டுப் பாணிக் குவிமாடங்களுடன் அது நின்றது. நியூயார்க்கின் கோனி தீவுக்கு இணையாக மேற்கில் ஒரு கேளிக்கை இடம் வேண்டும் என்பது நோக்கம். மக்கள் இரயிலில் வந்து உப்பு நீரில் மிதந்து குளித்து, மாலையில் பெரிய நடனக்கூடத்தில் ஆடித் திரும்பினர்.

1925 இல் முதல் மாளிகை தீக்கிரையானது. அதே இடத்தில் இரண்டாவது மாளிகை எழுந்தது. ஆனால் காரும் திரைப்படமும் பரவியபின் கூட்டம் குறைந்தது. ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்து, நீரில் நின்ற கட்டிடம் கரையிலிருந்து விலகி உப்புச் சேற்றில் தனித்து நின்றது. 1958 இல் அது மூடப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஹார்வியின் கேமரா கண்டது இந்த நிலையைத்தான். தோரணங்கள் தொங்கும் காலிக் கூடம், ஆளில்லாத சறுக்குமரம், தளத்தின் இடுக்குகள் வழியே விழும் ஒளிக்கீற்றுகள். இவற்றை ஒரு கலை இயக்குநர் செயற்கையாக அமைத்திருந்தால் பெரும் பொருட்செலவு ஆகியிருக்கும். இத்துணை இயல்பாகவும் அமைந்திராது.

1970 இல் இம்மாளிகையும் எரிந்தழிந்தது. இன்று சால்டேர் என்ற பெயரில் அப்பகுதியில் நிற்பது, 1980களின் தொடக்கத்தில் வேறோர் இடத்தில் கட்டப்பட்ட மூன்றாவது கட்டிடமாகும். ஆகவே இத்திரைப்படம் பழைய சால்டேரின் ஓர் ஆவணமாகவும் அமைந்துவிட்டது.

கனவுத்தன்மை

பெர்க்மனின் படங்களின் தோற்றமும் காக்டோவின் படங்களின் உணர்வும் தம் படத்தில் வேண்டும் என்று ஹார்வி எண்ணியதாகக் கூறப்படுகிறது. இது மிகப் பெரிய குறிக்கோள். படத்தில் ஆங்காங்கே அது நிறைவேறியும் உள்ளது. எனினும் படத்தின் தனித்தன்மைக்கு அவ்விருவரை விடச் சென்ட்ரானின் பாடப் படங்களே முதன்மைக் காரணம் எனலாம். பாடப் படங்களில் கேமரா அசையாமல் நேராக நின்று, பொருள்களைத் தெளிவான வெளிச்சத்தில் காட்டும். நடிப்பவர்கள் சற்று விறைப்பாக, பாடம் ஒப்பிப்பதுபோல் பேசுவார்கள். ஹார்வி இதே முறையில்தான் துணிக்கடையையும், பேருந்து நிலையத்தையும், கார் பழுது பார்க்கும் பட்டறையையும் படமாக்கியுள்ளார். சாலை விதிகளைக் கற்பிக்கும் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் அதில் ஒரு பிணம் நடந்து வந்தால் எப்படியிருக்கும்? அந்த உணர்வை இப்படம் தருகிறது.

குறைகளும் இதே திசையில் உதவுகின்றன. பல காட்சிகளில் உதட்டசைவும் பேச்சும் சற்றே விலகி நிற்கின்றன. ஒலி பின்னர் சேர்க்கப்பட்டது என்பது தெரிகிறது. வேறு படத்தில் இது வெறும் பிழை. மேரியின் உலகிலோ, எல்லாரும் ஒரு கண்ணாடிக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல் தோன்றுகிறது. துணை நடிகர்களின் தட்டையான பேச்சும் அவ்வாறே. இதனால் எல்லாக் குறைகளும் நிறைகளாகிவிட்டன என்று கொள்ளலாகாது. மருத்துவர் பேசும் காட்சிகள் நீள்கின்றன; அவர் தரும் உளவியல் விளக்கங்கள் படத்தின் மர்மத்தைச் சற்றே தளர்த்துகின்றன. அவை குறைக்கப்பட்டிருந்தால் படம் இன்னும் செறிவாக இருந்திருக்கும்.

ஓசை மறையும் காட்சிகளின் அமைப்பு தனியே கவனிக்கத்தக்கது. உடை மாற்றும் அறையில் நீரலை போலத் திரை நெளிகிறது. மறுகணம் மேரியைச் சுற்றியுள்ள ஓசைகள் நிற்கின்றன. தெருவில் ஒருவர் தரையைத் துளையிடும் பொறியை இயக்கிக்கொண்டிருக்கிறார். பொறி அதிர்கிறது, ஓசை இல்லை. இதற்குத் தனிப்பட்ட தந்திரக் காட்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒலித்தடத்தில் இருக்க வேண்டிய ஒன்றைச் சேர்க்காமல் விட்டதே போதுமானதாயிற்று. பேய் தோன்றும் காட்சிகளுக்கு ஒப்பனையும் ஒளியமைப்பும் தேவை. இதற்கோ பணமே தேவையில்லை. காண்போர் மனத்தில் நெடுநாள் நிற்பது இதுவே.

இதன் பின்னே நிற்கும் தனிமையும் கருதத்தக்கது. மேரி விபத்துக்கு முன்பிருந்தே பிறரோடு ஒட்டாதவளாகக் காட்டப்படுகிறாள். அவளுக்கு நட்பு வேண்டியதில்லை, காதல் வேண்டியதில்லை, கடவுளும் வேண்டியதில்லை. தன் வேலை, தன் அறை, தன் கார் போதும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரையில் இவ்வாறு ஒரு பெண்ணைக் காண்பது அரிது. அவளைச் சந்திக்கும் ஆண்கள் மூவரும் இதைத் திருத்த வேண்டிய குறையாகவே கருதுகின்றனர். போதகர் பக்தி இல்லை என்கிறார். மருத்துவர் மனநோய் என்கிறார். லிண்டனோ கதவிடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறான். ஆனால் வெளிறிய மனிதன் மீண்டும் மீண்டும் தோன்றத் தொடங்கிய பின், தான் விரும்பாத அதே லிண்டனிடம் இன்றிரவு தன்னைத் தனியே விடாதே என்று அவள் மன்றாடும் நிலைக்கு வருகிறாள். பேய்கள் வரும் காட்சிகளைவிட இக்காட்சி மனத்தை உறுத்துகிறது. அவளுடைய தனிமை இயல்பா, அல்லது அவள் ஏற்கனவே இறந்துவிட்டதன் அடையாளமா என்பதைப் படம் தெளிவுபடுத்துவதில்லை.

ஹில்லிகாசின் நடிப்பு இதற்கு ஏற்றதாக உள்ளது. அகன்ற கண்களும், எவரையும் முழுமையாகப் பார்க்காத பார்வையும், உணர்ச்சி குறைந்த குரலும் கொண்டு அவர் மேரியை உருவாக்கியுள்ளார். லிண்டனாக நடித்த சிட்னி பெர்கர் பிற்காலத்தில் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராக விளங்கியவர். இழிந்த மனிதன் ஒருவனை மிகைப்படுத்தாமல் நடித்துக் காட்டியிருக்கிறார்.

இசை

ஜீன் மூர் அமைத்த பின்னணி இசை ஏறக்குறைய முழுவதும் ஆர்கனில் வாசிக்கப்பட்டதாகும். பியானோவில் தட்டிய ஒலி சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். ஆர்கனில் குழாய்களுக்குள் காற்று செலுத்தப்படுவதால், விசையை அழுத்தியிருக்கும் வரை ஒலி தேயாமல் நிற்கும். நம் ஆர்மோனியமும் இவ்வகையில் அதற்கு உறவே. முடிவின்றி நீளும் இந்த ஒலி படத்தின் மயக்க நிலைக்குப் பொருந்துகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. கதாநாயகியே ஆர்கன் கலைஞர் என்பதால், நாம் கேட்பது பின்னணி இசையா, அவள் வாசிப்பதா, அவள் மனத்திற்குள் ஒலிப்பதா என்பது பல இடங்களில் தெரிவதில்லை. தேவாலய இசையாகவும், கேளிக்கைக் கூடத்தின் இசையாகவும் ஒரே கருவி மாறி ஒலிப்பது, கோவிலையும் களியாட்டத்தையும் ஒரே இழையில் கோத்துவிடுகிறது.

வெளியீடும் பதிப்புரிமையும்

படம் 1962 செப்டம்பரில் லாரன்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பின்னர் ஹெர்ட்ஸ்-லயன் என்னும் விநியோக நிறுவனம் இதனை ஏற்று, 84 நிமிடப் படத்தை 78 நிமிடங்களாகக் குறைத்து, தி டெவில்ஸ் மெசஞ்சர் என்ற வேறொரு திகில் படத்துடன் சேர்த்து, ஒரே நுழைவுச்சீட்டில் இரு படங்களாகத் திறந்தவெளிக் கார் திரையரங்குகளில் வெளியிட்டது. விநியோக நிறுவனம் நொடித்துப்போனதால், தயாரித்தவர்களுக்கு உரிய வருவாய் வந்து சேரவில்லை. அடுத்த படம் எடுக்கும் வாய்ப்பும் ஹார்விக்குக் கிட்டவில்லை. அவர் மீண்டும் பாடப் படங்களுக்கே திரும்பினார்.

மற்றோர் இழப்பும் நேர்ந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படும் படைப்பில் பதிப்புரிமைக் குறியும் ஆண்டும் உரிமையாளர் பெயரும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் அது பொது உரிமைப் பரப்பிற்குச் சென்றுவிடும். இந்த நிபந்தனை 1989 இல் தான் நீங்கியது. கார்னிவல் ஆப் சோல்ஸ் படச்சுருள்களில் அக்குறிப்பு இடம்பெறவில்லை. ஜார்ஜ் ரொமேரோவின் நைட் ஆப் த லிவிங் டெட் (1968) படத்திற்கும் இதே கதி நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

உரிமத் தொகை இல்லாமல் எவரும் ஒளிபரப்பலாம் என்பதால் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் நள்ளிரவுக்குப் பின்னான நேரத்தை நிரப்ப இப்படத்தைப் பயன்படுத்தின. தூக்கக் கலக்கத்தில், பெயர்கூடத் தெரியாமல், பாதியிலிருந்து பார்த்தவர்கள் பலர். அப்படிப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் இருக்க முடியாது. பின்னர் மலிவு விலை ஒளிநாடாக்களாகவும் இது பரவியது. படைத்தவர்களின் பையைக் காலியாக்கிய அதே பிழைதான் படம் மறக்கப்படாமல் இருக்கவும் வழிசெய்தது.

மறுவெளியீடு

1989 இல் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டது. இம்முறை ரோஜர் ஈபர்ட் போன்ற முன்னணி விமர்சகர்கள் இதனைப் பாராட்டி எழுதினர். ஹார்வி இந்த வரவேற்பைக் கண்ட பின்னரே 1996 இல் காலமானார். 2000 ஆம் ஆண்டு கிரைட்டீரியன் நிறுவனம் 78 நிமிட, 84 நிமிட வடிவங்கள் இரண்டையும் குறுவட்டில் வெளியிட்டது. 2016 இல் மீட்டெடுக்கப்பட்ட தெளிவான படிவமும் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிகளில் பல இருண்டும் சிதைந்தும் உள்ளன. பகல் வெளிச்சமே முக்கியமான இப்படத்தை அவற்றில் பார்ப்பது பாதிப் பயனையே தரும்.

தாக்கமும் ஒப்பீடும்

ரொமேரோ தமது படத்திற்கு இப்படம் தூண்டுதலாக இருந்ததைக் குறிப்பிட்டுள்ளார். வெள்ளை முகமும் கருவளையக் கண்களுமாக மெல்ல நெருங்கி வரும் பிணக்கூட்டத்தை இரண்டிலும் காணலாம். டேவிட் லிஞ்சின் படங்களோடும் இது அடிக்கடி ஒப்பிடப்படுகிறது.

இறந்தவர் தாம் இறந்ததை அறியாமலிருத்தல் என்னும் கரு, தி அதர்ஸ் (2001), மாகேயில் பிறந்த எம். நைட் ஷியாமளனின் தி சிக்ஸ்த் சென்ஸ் (1999) ஆகிய படங்களால் உலகெங்கும் அறிமுகமானது. அப்படங்களில் இறுதித் திருப்பமே பெரும்பயன். கார்னிவல் ஆப் சோல்ஸ் படத்தில் முடிவைத் தொடக்கத்திலேயே ஊகித்துவிடலாம். ஊகித்த பின்னும் படத்தின் பிடி தளர்வதில்லை. இக்கருவும் புதிதன்று. ஆம்பிரோஸ் பியர்ஸ் 1890 இல் எழுதிய சிறுகதை ஒன்றில், பாலத்தின் மீது தூக்கிலிடப்படும் ஒருவன் தான் தப்பி வீடு திரும்புவதாகக் கணநேரத்தில் கண்டு மடிகிறான். பாலம், ஆறு, தப்பித்ததாக எண்ணும் மனம் என இரண்டுக்கும் ஒற்றுமைகள் பல.

1998 இல் இதே பெயரில், வெஸ் கிரேவனின் பெயரைத் தாங்கி ஒரு மறு ஆக்கம் வெளிவந்தது. கதை பெரிதும் மாற்றப்பட்டிருந்தது. வண்ணமும் ஒப்பனையும் கூடுதல் பணமும் இருந்தும் அது வரவேற்புப் பெறவில்லை.